ஆலு டிக்கி காப்பாற்றாத கூட்டு

வெளிநாட்டு நிறுவனத்தின் கூட்டுத்தொழில் இங்கே நிலைக்க வேண்டுமானால் அது நம் பண்பாட்டுக்கு வளைந்துகொடுக்க வேண்டும் என்பது மேலாண்மை வகுப்புகளில் வேதவாக்காகிவிட்டது. சாட்சிக்கு அழைக்கப்படுவது பெரும்பாலும் மெக்டொனால்ட்ஸின் ஆலு டிக்கி பர்கர்.

வளைந்துகொடுத்ததில் பலன் உண்டு, மறுப்பதற்கில்லை. 1996இல் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் இல்லாமல், சைவத்துக்குத் தனிச் சமையலிடம், முட்டையில்லாத மயோனைஸ் என்று வந்திராவிட்டால், தாணே மாலில் குஜராத்திக் குடும்பமோ நம் மாட்டுங்கா மாமியோ அந்தக் கடைக்குள் காலெடுத்து வைத்திருக்க மாட்டார்கள். 2017இல் மும்பையில் மசாலா தோசை பர்கரே போட்டார்கள்.

இதெல்லாம் வாடிக்கையாளரைப் பிடித்த கதை. கூட்டாளியோடு வாழ்ந்த கதை வேறு. மெக்டொனால்ட்ஸுக்கு இந்தியாவில் அப்போது இரண்டு கூட்டாளிகள் இருந்தார்கள்: மேற்கும் தெற்கும் அமித் ஜாட்டியாவுக்கு, வடக்கும் கிழக்கும் விக்ரம் பக்‌ஷிக்கு. இருவருக்கும் பாதிப் பங்கு, இருவர் கடையிலும் அதே டிக்கி. ஜாட்டியா பின்னாளில் அமெரிக்கர் பங்கையும் வாங்கி, உரிமம் பெற்றவராக வளர்ந்தார். பக்‌ஷி 2013இல் நிர்வாக இயக்குநர் பதவியை இழந்து வழக்குக்குப் போனார். 2017இல் அவர் நிறுவனம் நடத்திய 169 உணவகங்களின் உரிமத்தை மெக்டொனால்ட்ஸ் ரத்து செய்தது. 2019இல் அவர் பங்கை வாங்கிக் கணக்கை முடித்தது. பண்பாடுதான் காரணமென்றால் ஒரே டிக்கி ஒருவரை வாழவைத்து இன்னொருவரை எப்படி வீழ்த்தியது?

டாடாவும் ஜப்பானின் டொகோமோவும் தொலைபேசித் தொழிலில் சேர்ந்த கூட்டைப் பாருங்கள். 2009இல் கைகோத்தவர்கள் 2014இல் பிரிய முனைந்தபோது, போட்ட விலையில் பாதியாவது டொகோமோவுக்குத் திரும்பக் கிடைக்கும் என்று ஒப்பந்தம் சொன்னது. அந்த விலைக்கு ரிசர்வ் வங்கி விதி இடம் தரவில்லை. லண்டன் நடுவர் மன்றம் 2016இல் டாடாவை 117 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. 2017இல்தான் விவகாரம் ஓய்ந்தது. ஜப்பானியர் முன் எப்படிக் குனிந்து வணங்குவது என்று சொல்லித்தரும் எந்தப் பயிற்சி இதைத் தடுத்திருக்கும்?

இருந்தும் இந்தப் பண்பாட்டுப் பாடம் ஓடுகிறது. காரணம், அது மலிவு. வழக்கறிஞரைவிடப் பயிற்சி முகாமுக்குச் செலவு குறைவு. கூட்டு முறிந்தால் பழியைப் பண்பாட்டின் தலையில் போட்டுவிடலாம். பத்திரத்தில் கையெழுத்திட்ட மேலதிகாரி தப்பித்துக்கொள்வார்.

கூட்டுச் சேர்பவர் முதலில் கேட்க வேண்டியவை மூன்று: பிரியும்போது என்ன விலை, தகராறு வந்தால் யார் தீர்ப்பார்கள், எழுதியது இந்த நாட்டுச் சட்டத்தில் செல்லுமா. மெனுவை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.