முடிவு யாருடையது?

யந்திரத்தால் சிருஷ்டி செய்ய முடியுமா என்ற கேள்வி இப்போது கே.கே. நகர்ப் பக்கம் காப்பிக் கடைப் பேச்சாகிவிட்டது. இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. வடபழனியும் சாலிகிராமமும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. படம் வெட்டி ஒட்டுகிறவர்கள், பின்னணிக் குரல் கொடுக்கிறவர்கள், உதவி டைரக்டர்கள், பாட்டெழுத வாய்ப்புத் தேடி வந்தவர்கள் என்று சினிமாவை நம்பி வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்களுக்கு இந்தக் கேள்வி தத்துவ விசாரமாகத் தோன்றாது. அடுத்த மாத வாடகைப் பிரச்னையாகவே தோன்றும்.

ஆனால் கேள்வியைப் பொதுவாகப் போட்டால் பதிலும் பொதுவாகத்தான் வருகிறது. 'எல்லாம் முடியும், காலம் மாறிவிட்டது' என்கிறார் ஒருவர். 'முடியவே முடியாது, கலைக்கு ஆத்மா வேண்டும்' என்கிறார் மற்றொருவர். இருவரும் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம். விஷயம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். யந்திரத்தைக் கொண்டு செய்த ஒரு காரியத்தை எதிரே வைத்துக்கொண்டு, அது எப்படிப்பட்ட காரியம் என்று பார்ப்பதுதான் விமரிசனத்துக்கு அழகு. அப்படிப் பார்ப்பதற்கு நம் ஊர்த் தியேட்டர்களிலேயே ஓர் உதாரணம் கிடைத்திருக்கிறது.

2025 ஆகஸ்டு 1-ம் தேதி 'அம்பிகாபதி' என்ற படம் தமிழ்நாட்டில் இரண்டாம் தடவையாக வெளியாயிற்று. 2013-ல் ஆனந்த் எல். ராய் இந்தியில் எடுத்த 'ராஞ்சனா'வின் தமிழ் வடிவம் அது. எழுதியவர் ஹிமான்ஷு சர்மா, இசை ஏ.ஆர். ரஹ்மான், கதாநாயகன் தனுஷ். காசியில் வாழும் ஒரு தமிழ்ப் புரோகிதர் வீட்டுப் பையன் குந்தன், ஜோயா என்ற முஸ்லிம் பெண்ணைச் சிறு வயதிலிருந்தே துரத்தித் துரத்திக் காதலிக்கிறான். அவள் மனம் வேறொருவனிடம் செல்கிறது. அந்த வேறொருவனின் சாவுக்கும் குந்தன் காரணமாகிறான். கடைசியில், ஜோயா அறிந்தே உடன்பட்ட ஒரு சூழ்ச்சியில் அடிபட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் உயிரை விடுகிறான். இது 2013-ம் வருஷத்துக் கதை. 2025-ல் அவன் சாகவில்லை. செயற்கை நுண்ணறிவின் உபயத்தால் கண்ணைத் திறந்து எழுந்துவிடுகிறான்.

படத்தின் உரிமையை வைத்திருக்கும் ஈராஸ் நிறுவனம் செய்த ஏற்பாடு இது. தமக்கும் படக் குழுவினருக்கும் இதில் எந்தப் பங்கும் இல்லை என்று டைரக்டர் ராய் பகிரங்கமாக ஆட்சேபித்தார். இந்த மாற்றம் படத்தின் ஆன்மாவையே பறித்துவிட்டது என்ற கருத்தில் தனுஷும் அறிக்கை விட்டார். உரிமை எங்களுடையது, பழைய படமும் பழையபடியே இருக்கிறது, இது ஒரு புது வடிவம், அவ்வளவுதானே என்பது நிறுவனத்தின் கட்சி.

முடிவை மாற்றியதே குற்றம் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். ஆனால் தமிழ் இலக்கியம் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல முடியாது. பிறர் கதையை மாற்றி மாற்றித்தானே நம் பெரியவர்கள் பெரியவர்களானார்கள்? வால்மீகியின் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிப் போகிறான். கம்பனுக்கு அது பொறுக்கவில்லை. பர்ணசாலையோடு நிலத்தையே பெயர்த்துக்கொண்டு போகும்படி செய்துவிட்டான். புதுமைப்பித்தன் 1943-ல் 'சாப விமோசனம்' எழுதினார். இராமன் காலடி பட்டுப் பெண்ணான அகலிகை, சீதை தீக்குளிக்க நேர்ந்த செய்தியைக் கேட்டதும் அவர் கதையில் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். சாபம் தீர்ந்ததோடு முடிந்த கதையை அவர் மேலே கொண்டுபோய், முடிவைத் தலைகீழாக்கினார். அதைப் புராணத் துரோகம் என்று கோபித்தவர்கள்கூட, அது யந்திர வேலை என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னும் நெருங்கிய உதாரணம் ஒன்று உண்டு. அதற்குக் கே.கே. நகரை விட்டு எங்கும் போக வேண்டியதில்லை. பிற்காலத்தில் இங்கேயே வாழ்ந்து 2015-ல் இங்கேயே மறைந்த ஜெயகாந்தன், 1966-ல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதையை எழுதினார். மழை பெய்த ஒரு மாலையில் காரில் ஏறிய கல்லூரிப் பெண் ஒருத்தி கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். விதவைத் தாய் முதலில் பதறுகிறாள். பிறகு விஷயத்தை வெளியே விடாமல் அமுக்கி, மகள் தலையில் தண்ணீரைக் கொட்டி, 'நீ சுத்தமாகிவிட்டாய்' என்ற பொருளில் தேற்றுகிறாள். அந்த முடிவு அன்றைய வாசகர்களிடையே ஒரு புயலையே கிளப்பிற்று. இப்படியும் ஒரு தாய் இருப்பாளா என்று கேட்டார்கள்.

சரி, அப்படி ஒரு தாய் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இதை ஜெயகாந்தன் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டார். தாய் கூச்சல் போடுகிறாள், ஊருக்குத் தெரிந்துவிடுகிறது, அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். மாற்றியது அந்த ஓர் இடத்தைத்தான். அதன் விளைவு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற முழு நாவல். 1970-ல் புத்தகமாயிற்று, 1972-ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றது, 1977-ல் படமாகவும் வந்தது.

ஓர் அம்மாள் வாயை மூடிக்கொள்வதற்குப் பதிலாகத் திறந்தாள் என்பதற்காக ஆசிரியர் கொடுத்த விலையைக் கணக்குப் பாருங்கள். கங்காவின் பன்னிரண்டு வருஷ வாழ்க்கையை அவர் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. அவளைப் படிக்க வைக்க ஒரு மாமா வேண்டியிருந்தது; அந்த மாமாவின் ஆதரவிலேயே கலந்திருக்கும் விஷத்தையும் காட்ட வேண்டியிருந்தது. அன்று காரில் வந்தவனை அவள் தேடிப் பிடித்தால், அவன் ராட்சசனாக இல்லை. பலவீனமான, பரிதாபத்துக்குரிய மனிதனாக இருக்கிறான். இவ்வளவும் போதாதென்று, பழைய சிறுகதையே நாவலுக்குள் ஒரு பாத்திரம் எழுதிய கதையாக வந்து, அதைக் கங்காவே படிக்கிறாள். ஒரு முடிவை மாற்றினால் உலகம் முழுவதும் மாறியாக வேண்டும் என்பதை ஆசிரியர் அறிந்திருந்தார். அந்த அறிவைத்தான் நான் சிருஷ்டி என்பேன்.

'அம்பிகாபதி'க்கு வருவோம். இங்கே குந்தன் கண் திறந்ததால் வேறு எது மாறிற்று? அதற்கு முன்னால் உள்ள ஒரு காட்சியும் மாறவில்லை. ஒரு பெண்ணின் விருப்பத்தைப் பொருட்படுத்தாமல் அவள் பின்னாலேயே அலைந்தவன் அவன். இந்தப் படத்தின் பெரிய குறையாகப் பலர் அன்றே சொன்னதும் இதைத்தான். ஆபத்து இருப்பது தெரிந்தும் மேடை ஏறிய அந்தச் சாவு அவன் கட்டிய அபராதம். அது கடைசியில் ஒட்டிவைத்த சோக ஜோடனை ஆகாது. படம் முழுவதும் போட்டுவந்த கணக்கின் கூட்டுத்தொகை. அவன் பிழைத்துவிட்டால் அபராதம் ரத்தாகிறது. ஜோயாவின் குற்றம் என்ன ஆகிறது? செத்துப்போன அந்த இன்னொரு இளைஞனுக்கு யார் பதில் சொல்வது? கேள்விகளெல்லாம் அப்படியே நிற்க, கட்டிலில் ஒருவன் எழுந்து உட்காருகிறான். கூட்டலை மாற்றாமல் விடையை மட்டும் அழித்து எழுதியது போல இருக்கிறது.

படத்தின் பெயரே இதற்குச் சாட்சி சொல்கிறது. கம்பர் மகன் அம்பிகாபதியின் கதை நம்மில் யாருக்குத் தெரியாது? சிற்றின்பம் கலக்காமல் நூறு பாட்டுப் பாடினால் உயிரும் உண்டு, அமராவதியும் உண்டு என்பது சோழன் விதித்த நிபந்தனை. காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிய அமராவதி, தொண்ணூற்றொன்பதிலேயே தலையைத் தூக்கிவிட்டாள். அவளைக் கண்டதும் அவன் அவளைப் பாடினான், தலை போயிற்று. 1937-ல் தியாகராஜ பாகவதரும் 1957-ல் சிவாஜி கணேசனும் அம்பிகாபதியாக நடித்த படங்கள் வந்தன. எண்ணிக்கையைச் சரிசெய்து அவனைப் பிழைக்க வைக்க ஒரு யந்திரத்துக்கு ஒரு நொடி போதும். ஆனால் அமராவதி எண்ணிக்கை தவறியது ஆசையினால். அந்தத் தவறுதான் கதை. அதைத் திருத்தினால் கையில் மிஞ்சுவது ஒரு கணக்குப் புத்தகம்.

நாயகன் பிழைக்க வேண்டும் என்று ரசிகன் விரும்புவதில் தவறில்லை. கானன் டாயில் 1893-ல் ஷெர்லக் ஹோம்ஸைக் கொன்றபோது இங்கிலாந்து வாசகர்கள் கொதித்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1903-ல், அவரே ஹோம்ஸை உயிரோடு கொண்டுவந்தார். நீர்வீழ்ச்சியிலிருந்து அவன் தப்பியது எப்படி, இத்தனை நாள் ஒளிந்திருந்தது ஏன் என்று அவர் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. நண்பனைத் திடீரென்று எதிரே கண்ட வாட்ஸன் மயங்கியே விழுந்தான். கேட்பது வாசகன் உரிமை. இணங்குவதா மறுப்பதா என்பது எழுதுகிறவன் பொறுப்பு. இணங்கினாலும் மறுத்தாலும் அவனே பதில் சொல்ல வேண்டும்.

தமிழில் 'முடிவு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கதை நிற்கும் இடமும் முடிவு. மனிதன் செய்யும் தீர்மானமும் முடிவு. நல்ல கதையில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். செயற்கை நுண்ணறிவு என்பது கோடிக்கணக்கான எழுத்துக்களையும் படங்களையும் பார்த்துப் பழகி, இதற்கு அடுத்தபடி பெரும்பாலும் எது வரும் என்று அனுமானித்துத் தருகிற சாதனம். முதல் பொருளில் அது எத்தனை முடிவு வேண்டுமானாலும் செய்து தரும். சாகிறவனைப் பிழைக்கவும் வைக்கும், பிழைத்தவனைச் சாகவும் வைக்கும். இரண்டில் எது நியாயம் என்ற கவலை அதற்கு இல்லை. குந்தன் மேல் இரக்கப்பட்டு யந்திரம் அவனை எழுப்பவில்லை. எழுப்பு என்று ஒரு மனிதர் சொன்னார், எழுப்பிற்று.

ஆகவே யந்திரத்தைத் திட்டுவது வீண். அதன் பின்னால் நிற்கும் மனிதர் யார் என்றே கேட்க வேண்டும். நம்முடைய சட்டமும் ஒரு விதத்தில் அதைத்தான் கேட்கிறது. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு சினிமாவின் ஆசிரியர் அதன் தயாரிப்பாளர்தான். கம்ப்யூட்டர் உண்டாக்கும் படைப்புக்கோ, அதை உண்டாக்கச் செய்த நபரே ஆசிரியர் என்று 1994-ல் திருத்தம் வந்தது. ஏதோ ஒரு மனிதரையோ நிறுவனத்தையோ பிடித்து நிறுத்த வேண்டும் என்பது சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் சட்டம் தேடுவது உடைமைக்காரரை. அந்த முடிவை மனத்தால் முடிவு செய்தவர் யார் என்பதை ரசிகனும் விமரிசகனும்தான் தேட வேண்டும்.

யந்திரத்தைத் தொட்டவர்கள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்கவும் கூடாது. அதே ரஹ்மான், 2024-ல் 'லால் சலாம்' படத்தில் ஒரு பாட்டுக்காக, 1997-ல் மறைந்த சாகுல் ஹமீதின் குரலையும் 2022-ல் மறைந்த பம்பா பாக்யாவின் குரலையும் செயற்கை நுண்ணறிவால் மீட்டார். குடும்பத்தாரின் சம்மதம் பெற்று, உரிய பணமும் கொடுத்ததாக அறிவித்தார். இறந்தவர் தாமே தேர்ந்தெடுக்காத பாட்டை அவர் குரலில் பாட வைக்கலாமா என்பதில் எனக்குச் சஞ்சலம் உண்டு. ஆனாலும் அங்கே சண்டை போட ஒரு முகம் இருக்கிறது. செய்தவர் நான்தான் என்று அவர் முன்னால் வந்து நிற்கிறார். பாட்டின் புகழும் பழியும் அவரைச் சேரும். அந்த இடத்தில் யந்திரம் வீணையைப் போல ஒரு கருவி.

கதை எழுதுகிற நாங்களும் கொஞ்சம் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசி அத்தியாயத்தில் மனம் திருந்தும் மாமியார், கடைசி ரயிலைத் தவறவிட்டுத் திரும்பி வரும் காதலன் என்று பத்திரிகைகளில் நாங்கள் எழுதிக் குவித்ததில் எத்தனை பங்கு யந்திரம் வருவதற்கு முன்பே யந்திரத்தனமாக இருந்தது! அந்த வகைக் கதைகளை இனி யந்திரமே எழுதட்டும். அதில் இலக்கியத்துக்கு நஷ்டமில்லை.

எனக்குள்ள பயம் வேறு. யந்திரம் ஒரு நாள் ஜெயகாந்தனாகிவிடும் என்று நான் அஞ்சவில்லை. எழுதியவனைக் கேட்காமலே கதையின் முடிவை மாற்றலாம், அதற்கு அதிகச் செலவும் இல்லை என்று உடைமைக்காரர்கள் தெரிந்துகொண்டுவிட்டார்கள். இன்று ஒரு படத்தின் கடைசிக் காட்சி. நாளை ஒரு நாவலின் கடைசி அத்தியாயமாக ஏன் இருக்கக் கூடாது? 'அக்கினிப் பிரவேச'த்துத் தாயை யாரோ ஒருவர் வாசகர் விருப்பத்துக்கு ஏற்பக் கூச்சல் போட வைத்து, கங்காவின் பன்னிரண்டு வருஷத்தை எழுதாமலே விட்டுவிட்டால்?

எனவே புது முடிவு என்று யாராவது கொண்டுவந்து காட்டினால், அது சந்தோஷ முடிவா சோக முடிவா என்று பார்ப்பதற்கு முன்னால் ஒன்றை விசாரியுங்கள். அதன் கீழே கையெழுத்துப் போட யாராவது முன்வருகிறார்களா? 'அம்பிகாபதி'யின் புது முடிவுக்கு எழுதியவர், எடுத்தவர், நடித்தவர் என்று ஒருவர் பெயரையும் மனமறிந்து போட முடியவில்லை. அது உயிர் பிழைத்தவனின் கதையாக எனக்குத் தோன்றவில்லை; ஆசிரியர் இல்லாத கதையாகத்தான் தோன்றுகிறது.