மதிப்பெண் தெரிவித்தலும் குறிப்புரையின் மொழியும்

1. முன்னுரை

மாணவர் எழுதிய தாள் அவரிடம் திரும்பி வரும்போது இரண்டு செய்திகளைக் கொண்டு வருகிறது. ஒன்று, எண்ணாகவோ எழுத்தாகவோ அமைந்த மதிப்பீடு. மற்றொன்று, ஆசிரியர் ஓரத்தில் எழுதும் குறிப்புரை. முன்னது அளவையியலுக்கு உரியது. பின்னது மொழியால் ஆனது. ஆதலின் மொழியியலாரின் ஆய்வுக்கு உரியது. மாணவர்க்குத் துணைநிற்கும் குறிப்புரை என்பது ஆசிரியரின் நல்லியல்பு சார்ந்தது என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. அது பெரிதும் மொழியமைப்பைச் சார்ந்தது என்பதைத் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் சூழலைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. அறிபவர் யார்?

2009ஆம் ஆண்டின் கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 29இல், மாணவரின் அறிவையும் அதனைப் பயன்படுத்தும் திறனையும் தொடர்ந்தும் முழுமையாகவும் மதிப்பிட வேண்டும் என்கிறது. அச்சமும் பதற்றமும் இன்றிக் குழந்தை கற்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ளது. பிரிவு 24 ஆசிரியரின் கடமைகளை வரையறுக்கிறது. குழந்தையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோர்க்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இங்குத் தெரிவிக்கப்பட வேண்டியவர் பெற்றோர். மாணவர் அச்செய்தியின் பொருளாக மட்டுமே இடம்பெறுகிறார்.

இதே நிலை கலைச்சொற்களிலும் காணப்படுகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வழக்குப் பெற்ற வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்னும் சொற்களை நோக்கலாம். வளர்பவர் மாணவர், தொகுப்பவர் ஆசிரியர். ஆனால் இரண்டு தொடர்களிலும் 'அறி' என்னும் வினைக்குரிய எழுவாய் ஆசிரியரே. மாணவர் தம் நிலையைத் தாமே அறிதல் என்னும் பொருளுக்கு இச்சொற்களில் இடமில்லை. 'பின்னூட்டம்' என்னும் சொல்லும் இவ்வாறே ஆராயத்தக்கது. மூலச்சொல்லில் உள்ள திரும்பி வருதல் என்னும் பொருள் தமிழில் 'பின்' என்பதால் பெயர்க்கப்பட்டது. தமிழில் 'பின்' காலத்தால் பிற்பட்டதையும் குறிக்கும். எல்லாம் முடிந்தபின் ஊட்டப்படுவது எனப் பொருள் கொள்ள அச்சொல் இடந்தருகிறது. நடைமுறையும் பல வேளைகளில் அப்பொருளையே மெய்ப்பிக்கிறது: மாணவர் திருத்தி எழுதும் வாய்ப்பு முடிந்த பின்னரே குறிப்புரை அவர் கையில் சேர்கிறது.

3. தரம் எதைச் சொல்கிறது?

நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2009இல் தொடர் மதிப்பீட்டு முறையை ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் கொண்டுவந்தபோது ஏ1 முதல் இ2 வரையிலான ஒன்பது தரங்களை வகுத்தது. அதில் 41 முதல் 50 வரை சி2. 33 முதல் 40 வரை டி. 41 பெற்றவரும் 50 பெற்றவரும் ஒரே எழுத்தைப் பெற்றனர். 40 பெற்றவர் வேறெழுத்தைப் பெற்றார். மதிப்பெண் போட்டியைத் தணிப்பதற்கு இது உதவியிருக்கலாம். ஆயினும் எண்ணைப் போலவே எழுத்தும் வரிசையைச் சொல்கிறதே அன்றி, மாணவரின் மொழியில் எது நிகழ்ந்தது என்பதைச் சொல்வதில்லை. 2017-18 கல்வியாண்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது. அளவுகோல் மாறியது, ஓரக்குறிப்பின் மொழி குறித்த வினா அப்படியே நின்றது.

தரத்துடன் குறிப்புரையையும் சேர்த்துவிட்டால் குறை தீரும் எனல் எளிது. 1988இல் வெளியான ரூத் பட்லரின் ஆய்வு இதனை ஐயுற வைக்கிறது. குறிப்புரை மட்டும் பெற்ற மாணவரிடம் ஆர்வமும் செயல்திறனும் மேம்பட்டன. தரத்தையும் குறிப்புரையையும் ஒருங்கே பெற்றவரிடம் அப்பயன் பெரிதும் காணப்படவில்லை. தரத்தைக் கண்ட மாணவர் தம்மைப் பிறருடன் ஒப்பிடத் தொடங்குகிறார். குறிப்புரையின் பயன் குன்றுகிறது. 1996இல் குளூகரும் டெனிசியும் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்ட நேர்வுகளில் பின்னூட்டம் செயல்திறனைக் குறைத்திருந்தமை தெரியவந்தது. கவனம் பணியிலிருந்து விலகித் தன்மீது திரும்புந்தோறும் பயன் குறையும் என்பது அவர்தம் முடிவு. ஆகவே, குறிப்புரை எழுதப்பட்டதா என்பதினும் அதன் எழுவாய் எது என்பதே முதன்மையான வினாவாகிறது.

4. குறிப்புரையின் இலக்கணம்

மைசூரில் 1969இல் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், தன் மண்டல மொழி மையங்கள் வழியாகப் பிற மாநில ஆசிரியர்க்குத் தமிழ் உள்ளிட்ட மொழிகளைக் கற்பித்து வந்துள்ளது. இத்தகைய வகுப்பில் இந்தியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர், 'என்னுடைய இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்' என எழுதக்கூடும். இதற்கு மூவகைக் குறிப்புரை இயலும்.

முதலாவது, 'தவறு' என்பது. இரண்டாவது, 'நல்ல முயற்சி. இலக்கணத்தில் கவனம் தேவை' என்பது. மூன்றாவது இவ்வாறு அமையலாம்: 'உறவினர் உண்மையைக் கூறும்போது இந்தி ஆறாம் வேற்றுமைப் பொருளை ஆளும், தமிழ் நான்காம் வேற்றுமையை ஆளும். இதே அமைப்பு இப்பத்தியில் இன்னும் ஓரிடத்தில் உள்ளது, கண்டு மாற்றுக.'

இரண்டாவது குறிப்புரை கனிவுடையது. ஆயினும் அதனால் மாணவர் அறிவது ஒன்றுமில்லை. 'தேவை' என்னும் சொல் யாருக்கு என்பதை நான்காம் வேற்றுமையால் வேண்டி நிற்பது. அவ்வுறுப்பு தொக்குநிற்க, 'கவனம்' என்னும் சொல் மாணவரின் குணத்தைச் சுட்டும் பழியாகிவிடுகிறது. உண்மையில் இங்குக் கவனக்குறைவு இல்லை. தாய்மொழியின் ஒழுங்கு புதிய மொழிக்குள் முறையாகக் கொண்டுவரப்பட்டுள்ளது. எஸ். பி. கார்டர் 1967இல் தற்செயலான பிழைக்கும் ஒழுங்குடைய பிழைக்கும் இடையே கண்ட வேறுபாடு இதுவே. ஒழுங்குடைய பிழையைக் கவனக்குறைவு என்பது கனிவின்மை மட்டுமன்று. தவறான விளக்கமும் ஆகும்.

'நாம்', 'நாங்கள்' என்னும் வேறுபாடு இன்னொரு சான்று. இந்தியின் 'ஹம்' இவ்விரண்டிற்கும் பொது. 'நாம் நேற்று ஊருக்குப் போனோம்' என்னும் தொடரைத் தனியே நோக்கும் ஆசிரியர் பிழை காணமாட்டார். அடுத்த தொடர் 'நீங்கள் ஏன் வரவில்லை?' என அமையும்போதுதான் சிக்கல் புலப்படும். இங்கு 'நாங்கள்' எனத் திருத்தித் தருவதினும், 'கேட்பவரும் உடன் வந்தாரா?' என வினவுவது சிறந்தது. 1997இல் பிரெஞ்சு மொழி மூழ்கல் வகுப்புகளை ஆராய்ந்த லிஸ்டர், ராண்டா ஆகியோர், ஆசிரியர் தாமே திருத்திச் சொல்லும் முறை மிகுதியாக ஆளப்பட்டாலும், மாணவரைத் தாமே திருத்தத் தூண்டுவதில் அதுவே பின்தங்கியது எனக் கண்டனர்.

தமிழின் இரட்டை வழக்கு மூன்றாவது சிக்கலைத் தருகிறது. கட்டுரையில் 'அவங்க வந்தாங்க' என எழுதியவர் தமிழைப் பிழைபட அறிந்தவர் அல்லர். பேச்சு வழக்கைச் செம்மையாக அறிந்தவர். அதன்மீது இடப்படும் சிவப்புக் கோடு, தெருவில் கேட்டுக் கற்றது வீண் என்னும் செய்தியைத் தருகிறது. 'பேச்சிற்கு உரியது, எழுத்தில் அவர்கள் வந்தார்கள்' என்னும் குறிப்பு, பெற்ற அறிவை ஏற்று அடுத்த படியைக் காட்டுகிறது.

விளிக்கும் முறையும் எண்ணத்தக்கது. 'எழுது' என்னும் ஏவல், தாமே ஆசிரியராக உள்ள வயதுவந்த மாணவர்க்குப் பொருந்தாது. 'எழுதுக' என்னும் வியங்கோள் உயர்வு தாழ்வு சுட்டாமல் பணியை மட்டும் சுட்டும்.

5. மறுப்பும் வரம்பும்

இரண்டாம் மொழி எழுத்தில் இலக்கணத் திருத்தமே பயனற்றது என ஜான் டிரஸ்காட் 1996இல் வாதிட்டார். டானா ஃபெரிஸ் 1999இல் அதனை மறுத்தார். இவ்விவாதத்தால் பெறப்படுவது, எல்லாவற்றையும் திருத்துதல் பயிற்றுதல் ஆகாது என்பது. நூறு தாள் திருத்தும் ஆசிரியர்க்கு ஒவ்வொரு பிழைக்கும் விளக்கம் எழுத இயலாது, எழுதவும் வேண்டியதில்லை. ஒரு தாளில் ஒழுங்குடைய பிழை ஒன்றைத் தேர்ந்து அதனை மட்டும் விளக்குவது போதும்.

மதிப்பெண்ணை மறைப்பதும் துணைநிற்றல் ஆகாது. தம் நிலையை அறிவது மாணவரின் உரிமை. மேற்படிப்பும் பணியும் அதனைச் சார்ந்துள்ளன. குறிப்புரை முதலில், திருத்தி எழுதுதல் அடுத்து, மதிப்பெண் இறுதியில் என்னும் வரிசையைப் பேணுவதே வேண்டப்படுவது.

6. முடிவுரை

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, முன்னேற்ற அட்டையில் ஆசிரியரின் மதிப்பீட்டுடன் மாணவரின் தன்மதிப்பீட்டிற்கும் சக மாணவரின் மதிப்பீட்டிற்கும் இடமளிக்கிறது. அறிபவராக மாணவரை ஏற்கும் கருத்து இதில் உள்ளது. ஆனால் தம்மை மதிப்பிடும் மாணவர்க்கு அதற்குரிய சொற்கள் வேண்டும். அவற்றை அவர் ஆசிரியரின் குறிப்புரையிலிருந்தே பெறுகிறார். 'தவறு', 'நன்று' என்னும் இரண்டையே கண்டவர் தம்மைப் பற்றியும் அவ்விரண்டையே எழுதுவார். அவர் பின்னர் ஆசிரியரானால் தம் மாணவர்க்கும் அவற்றையே எழுதுவார். ஆசிரியர் பயிற்சியில் குறிப்புரை எழுதுதலை ஒரு மொழித்திறனாகக் கற்பிப்பதும், வேற்றுமொழி மாணவரின் ஒழுங்குடைய பிழைகளை மொழிவாரியாகத் தொகுத்து அவற்றிற்குரிய விளக்கங்களை எளிய தமிழில் வழங்குவதும் மொழியியலார், மொழிபெயர்ப்பாளர் இருவரின் கூட்டுப் பணியாகும்.