ஒரத்தநாட்டில் இறங்குவதற்கு ஒரு காரணம்

ஐரோப்பாவுக்குப் பிரயாணம் போகிறவர்களில் இரண்டு வகையினர் உண்டு. பாரிஸையும் லண்டனையும் ரோமாபுரியையும் பார்த்து, பார்த்ததற்குச் சாட்சியாகப் படமும் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் ஒரு வகை. அந்தக் கும்பலில் கலக்க மனமில்லாமல், லக்ஸம்பர்க், ஸ்லொவீனியா, லீக்டன்ஸ்டைன் என்று தேசப்படத்தில் விரல் நுனியால் மறைத்துவிடக்கூடிய நாடுகளைத் தேடிப் போய், அங்கே உள்ள ஒரு பாலத்தையோ ஒரு பழைய மாளிகையையோ ஒரு பகல் முழுதும் உட்கார்ந்து ரசித்துவிட்டு வருகிறவர்கள் மற்றொரு வகை. என் பக்ஷபாதம் இந்த இரண்டாம் வகையாரிடத்தில்தான். ஆயினும் அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்னால் தஞ்சாவூரில் பட்டுக்கோட்டை பஸ்ஸில் ஏறி, ஏறக்குறைய 24 கிலோமீட்டர் போனதும் ஒரத்தநாட்டில் இறங்க வேண்டும் என்று சிபாரிசு செய்வேன்.

ஒரத்தநாட்டில் என்ன இருக்கிறது என்று தஞ்சாவூர்க்காரரே கேட்பார். பெரிய கோவிலைப் பார்க்க வந்தவர்கள் அங்கிருந்து கும்பகோணத்துக்கும் தாராசுரத்துக்கும் போவார்களே ஒழிய, தெற்கே திரும்புவது அபூர்வம். அந்தத் தெற்குத் திசையில்தான், முத்தாம்பாள்புரம் என்னும் பழம்பெயரை இந்த ஊருக்குத் தந்த முத்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, தம் அன்புக்குப் பாத்திரமாயிருந்து அகாலத்தில் மறைந்த முத்தாம்பாள் என்ற மாதரசியின் பெயரால், அவள் மரணத் தறுவாயில் கேட்டுக்கொண்டபடி இதைக் கட்டுவித்தார் என்பது பரம்பரையாக வழங்கும் செய்தி. ஷாஜஹான் செய்த காரியத்தோடு இதை ஒப்பிட்டுப் பேசுவது உள்ளூரில் வழக்கம். எனக்கு அந்த ஒப்புமையில் அவ்வளவு திருப்தி இல்லை. தாஜ்மகாலில் யாருக்கும் இலை போட்டதில்லை.

இன்று இந்தப் பக்கத்தைச் சுற்றிலும் நெல்வயல்களைப் பார்க்கிறவர்களுக்கு, சத்திரம் எழுந்த காலத்தில் நிலைமை வேறு என்பது எளிதில் தோன்றாது. மேட்டூர் அணையோடு 1934இல் வந்த கல்லணைக் கால்வாய்தான் இவ்வட்டாரத்தைப் புது டெல்டா ஆக்கியது. அதற்கு முன்னால் காவேரித் தண்ணீர் எட்டாத மேட்டுப் பூமி, வானம் பார்த்த சீமை. காசியிலிருந்து கங்கை ஜலத்தைச் சுமந்துகொண்டு ராமேசுவரத்துக்கு நடந்த யாத்திரிகர், தஞ்சையின் செழிப்பை விட்டுக் கடற்கரைச் சாலையைப் பிடிக்கும்வரை இந்த வறண்ட வெளியைத்தான் கடக்க வேண்டும். தஞ்சையிலிருந்து விடியலில் புறப்பட்டவன் கால் ஓய்ந்து நிற்கும் இடம் ஒரத்தநாடு. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், கடற்கரையோரம் சேதுபாவாசத்திரம், மணமேல்குடி, மீமிசல் என்று மராட்டியர் தொடுத்த சத்திரமாலையில், நடை தளரும் இந்த ஒரு புள்ளியில் மிகுந்த அழகைக் கொண்டுவந்து வைத்தார்களே, அதிலே இருக்கிறது ரஸிகத்தனம்.

கட்டடத்தை வெளியே நின்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அதன் அடிப்பகுதியில் தேர் உருவம் அமைத்திருக்கிறார்கள்: சக்கரங்கள் உருள்வதுபோலவும், குதிரைகளும் யானைகளும் இழுப்பதுபோலவும் ஒரு பாவனை. இந்தக் கற்பனை சோழநாட்டுக்குப் புதிதன்று. இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் எடுத்த தாராசுரம் கோவிலின் மண்டபம், சக்கரமும் குதிரையும் பூண்ட தேராகவே நிற்கிறது. ஆனால் தாராசுரத்துத் தேரில் எழுந்தருளியிருப்பவர் சுவாமி. அதே லக்ஷணத்தை ஒரு வழிப்போக்கர் விடுதிக்குக் கொண்டுவந்தபோது, தேரில் ஏறி அமர்கிறவன் யார்? புழுதி படிந்த காலோடு வரும் பரதேசி. சிற்பிக்கு இந்தப் பொருள் மனத்தில் இருந்ததோ இல்லையோ, பார்க்கிறவன் இதை விட்டுவிட்டு மேலே போக முடியாது. குதிரையின் முன்கால் வளைவையும் சக்கரத்தின் ஆரங்களையும் பார்த்து முடித்தவர்கள் நாலடி பின்னால் வந்து, மாடியோடு கூடிய முழுக் கட்டடத்தையும் அந்தச் சக்கரங்களின்மேல் ஏற்றிப் பார்த்தால், அமைத்தவனுடைய சாமர்த்தியம் புலப்படும்.

உள்ளே கல்லின் ஆட்சி முடிந்து மரத்தின் ஆட்சி ஆரம்பமாகிறது. முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும், தாழ்வாரத்தைத் தாங்கும் மரத்தூண்களும், வேலைப்பாடுள்ள போதிகைகளும் உத்திரங்களும், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகத் தடித்த சுவர்களும் சேர்ந்து, சித்திரை வெயிலிலும் உள்ளே ஒரு குளிர்ச்சியைக் காப்பாற்றி வைக்கின்றன. அரண்மனை முற்றம் வருகிறவனைக் கொஞ்சம் சிறுமைப்படுத்தும். கோவில் பிராகாரம் அவனைக் கைகூப்பச் செய்யும். இந்த முற்றமோ மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் காலை நீட்டச் சொல்லுகிறது. பெருமைக்காகக் கட்டியது என்றாலும், தூணின் உயரமும் தாழ்வாரத்தின் அகலமும் உட்கார்ந்து உண்ணும் மனிதனுடைய அளவுக்கு மிஞ்சவில்லை.

இந்தக் கட்டடங்களுக்கு உரை எழுதியவர் சரபோஜியே. 1799 உடன்படிக்கையால் ராஜ்யத்தின் நிர்வாகம் கம்பெனியார் கைக்குப் போய்விட்ட பிறகு, சத்திரங்களையாவது தம்மிடம் விட்டுவைக்க வேண்டும் என்று வேண்டி, ரெஸிடெண்டாக இருந்த பெஞ்சமின் டாரினுக்கு 1801இல் அவர் எழுதிய கடிதம் ஒன்று உண்டு. அதிகாரத்தை இழந்த அரசன், தான் எதை இழக்கத் தயாராயில்லை என்று சொல்லும் அந்தக் கடிதத்தைப் படிக்கும்போது கட்டடத்தின் ஒவ்வொரு பாகத்துக்கும் உயிர் வருகிறது. பிராமணர் முதல் பறையர் வரை, ஜங்கமர் பைராகி உட்பட, வருகிற யாத்திரிகர் அனைவருக்கும் அன்னம். சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசியும் பண்டமும். பகல் முழுதும் இந்த உபசாரம் நடந்து, நடுநிசியில் மணி அடித்து, இன்னும் பசியோடு இருப்பவர்கள் வரலாம் என்று அழைப்பார்களாம். நோயாளிக்கு மருந்தும் பத்தியமும், விஷக்கடிக்கு வைத்தியர், கைக்குழந்தைக்குப் பால், சத்திரத்திலேயே பிரசவமான பெண்ணுக்கு மூன்று மாதம் தங்க இடம். வழியில் அநாதையான குழந்தைகளை உபாத்தியாயரிடம் ஒப்புவித்து, மூன்று வேளை சோறு போட்டு, விரும்பிய கல்வியைக் கற்பித்து, கல்யாணச் செலவும் கொடுத்து அனுப்புவது. நாலு நாளைக்கு ஒருமுறை அக்குழந்தைகளுக்கு எண்ணெய் தேய்ப்பது! அந்நிய உத்தியோகஸ்தருக்கு எழுதும் ராஜாங்க விண்ணப்பத்தில் இந்த எண்ணெய் ஸ்நானத்தை மறவாமல் சேர்த்தவனுடைய மனத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பந்தி எப்படிப் பிரிந்திருந்தது என்பதை மட்டும் கடிதம் பேசவில்லை. அக்காலத்து ஆசாரத்தை அறிந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

சிறிய ஐரோப்பிய நாடுகளைப் பற்றி ஆரம்பித்தேன். அவற்றுக்கும் இந்தச் சத்திரத்துக்கும் சம்பந்தம் இல்லாமல் இல்லை. சரபோஜியின் இளமைக்குக் காவலராக அமைந்த ஸ்வார்ட்ஸ் பாதிரியார் ஜெர்மானியர். ஆனால் 1750இல் அவர் வந்து இறங்கிய இடம் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடி. பெரிய வல்லரசுகள் எத்தனையோ இருக்க, டென்மார்க் என்ற சின்னஞ்சிறு தேசம் 1620இல் ரகுநாத நாயக்கரோடு உறவு பூண்டு இக்கடற்கரையில் கோட்டை கட்டி, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும்வரை, சோழநாட்டுக்கு ஐரோப்பிய வித்தை வந்து சேரும் வாசல்களில் ஒன்றாகத் தரங்கம்பாடி இருந்தது. அந்த வழியாக வந்த கல்வி சரபோஜியிடம் வீண்போகவில்லை. முத்தாம்பாள் சத்திரத்தில் நவவித்யா என்ற பெயரில் புதுமுறைப் பள்ளிக்கூடம் நடத்தினார். மராத்தியில் தேவேந்திரக் குறவஞ்சி என்றொரு நாடகமும் இயற்றினார்.

அதன் விசேஷத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குறவஞ்சி என்றால் தலைவி காதலால் நலிய, குறத்தி கூடையோடு வந்து தன் மலைவளம் பாடிக் கைரேகை பார்ப்பது மரபு. சரபோஜியையே தலைவனாக வைத்துக் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சியும் அந்த மரபில் வந்ததே. மன்னர் எழுதியபோதோ, இந்திரலோகத்துக்குப் போன குறத்தி மலைவளத்துக்குப் பதிலாக உலக பூகோளத்தைப் பாடுகிறாள். கண்டங்களும் தேசங்களும் ராகத்தில் வருகின்றன. கடல் கடந்து ஐரோப்பாவைக் கண்டிராத ஒரு ராஜா, அந்தத் தேசங்களைக் குறத்தியின் வாயில் வைத்துச் சோழநாட்டுச் செவிக்குப் பழக்கமான மெட்டில் கொண்டுவந்த சாதுரியத்துக்கு ஈடான பிரயாண நூலை நான் படித்ததில்லை. தஞ்சைச் சரஸ்வதி மகால் நூலகம் இதனை 1950இல் அச்சிட்டது.

ராஜ்யம் போன பின்னும் சத்திரம் கல்வியை விடவில்லை. ஜில்லா போர்டின் தலைவராக இருந்த ஏ. டி. பன்னீர்செல்வம், ஒரத்தநாடு, ராஜாமடம் ஆகிய ஊர்களின் சத்திர தர்மத்தைப் பிராமணரல்லாத ஏழை மாணவர்களின் விடுதிக்கும் படிப்புக்கும் திருப்பிவிட்டார். கடிதம் பேசாமல் விட்ட பந்தி விஷயத்துக்கு நூற்றிருபது வருஷங்களுக்கு மேல் கழித்து வந்த பதில் அது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இங்கே தங்கி உண்டு படித்து உத்தியோகத்துக்குப் போனவர்களின் குடும்பங்கள் இந்த ஜில்லாவில் பல.

போகிறவர்கள் காலை வெயில் ஏறுமுன் போவது நல்லது. காரை உதிர்ந்த இடங்களும், சுவரில் வேர்விட்ட செடிகளும், ஒட்டடை படிந்த உத்திரங்களும் கண்ணில் படத்தான் செய்யும். டிக்கெட்டும் வழிகாட்டியும் அச்சிட்ட சரித்திரமும் எதிர்பார்க்கக்கூடாது. தேரைப் பார்த்துவிட்டு முற்றத்தில் அரைமணி நேரமாவது உட்காருங்கள். பசித்தால் கடைத்தெருவில் சாப்பாடு கிடைக்கும். காசு கொடுத்துத்தான் சாப்பிட வேண்டும்.