கூரை விழுந்தால்தான் வெளிச்சமா?

இடிபாடுகளை வரைந்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை. உடைந்த தூண், மேலே கொஞ்சம் கொடி, கீழே துணி துவைக்கும் பெண்கள். ஹூபேர் ரொபேரின் (1733–1808) படங்களில் இதெல்லாம் மூட்டை மூட்டையாக இருக்கும். ரொமான்டிக் ஓவியத்துக்கு முன்னோடி என்று சொல்வார்கள். சரி, சொல்லட்டும். அவருடைய படங்களில் ஆட்கள் அதிகம், முக்கால்வாசிப் பேரை வெளியே அனுப்பலாம் என்று 1767லேயே தித்ரோ எழுதிவிட்டார். எனக்கும் அப்படித்தான் தோணும்.

ஆனா அவர் படத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருதுன்னு ஒரு தடவை கவனிங்க. ரோமில் பதினோரு வருஷம் இருந்தவர். அங்கே பாந்தியன் கோயிலின் குவிமாட உச்சியில் வட்டமாக ஒரு திறப்பு. அந்தப் பெரிய கூடத்துக்கு, வாசலை விட்டால், வெளிச்சம் வர வேறு வழியே கிடையாது. அவருக்கு மூத்தவரான பானினி அதைப் பலமுறை வரைந்தார், உள்ளே விழும் வெயில் திட்டோடு சேர்த்து. பானினியிடம் அந்தத் திறப்பு கட்டடக்காரன் வேண்டுமென்றே விட்டது. ரொபேரிடமோ அது காலம் போட்ட ஓட்டை. கூரை இடிந்த இடத்தில்தான் அவருக்கு வெயில் இறங்கும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி முழக்குகிறேன் என்றால், 1796இல் அவர் காட்சிக்கு வைத்த இரண்டு படங்களுக்காக. இரண்டும் லூவ்ரின் நீண்ட கூடம். ஒன்றில் வளைகூரையில் கண்ணாடித் திறப்புகள், சுவர் முழுக்கப் படங்கள். அது கனவு இல்லை, வேலைத் திட்டம். மியூசியத்தை நடத்தியவர்களில் அவரும் ஒருவர், மேலிருந்து வெளிச்சம் வரணும் என்பது அவர் கோரிக்கை. இன்னொன்றில் அதே கூடம் இடிந்து, ரோமானிய இடிபாடாகவே கிடக்கிறது. இரண்டிலும் வெளிச்சம் மேலிருந்துதான். முதலில் கண்ணாடி வழியா, அடுத்ததில் கூரையே இல்லாம.

புரட்சியின்போது சிறைக்குப் போய், ரொபெஸ்பியர் விழுந்த பிறகு வெளியே வந்தவர் வரைந்தது இது. கட்டடம் நிலைக்கும் என்று அவருக்கு ஏன் நம்பிக்கை இருக்கணும்? இங்கே மட்டும் அவருடைய வெயில் எனக்கு அழகாகத் தெரியவில்லை, கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

அந்த இடிபாட்டுக்கு நடுவில் ஒருவர் உட்கார்ந்து சிலை ஒன்றை வரைந்துகொண்டிருக்கிறார். சிலை, வத்திக்கானின் அப்போலோ பெல்வெடெரே. விஷயம் என்னன்னா, 1796இல் அது பாரிஸிலேயே இல்லை! அந்த ஜூனில்தான் பிரெஞ்சுப் படை போப்பிடம் நூறு கலைப்பொருட்களைக் கேட்டு வாங்க ஏற்பாடு செய்தது. சிலை வந்து சேர்ந்தது 1798இல், ரோமுக்குத் திரும்பியது நெப்போலியன் விழுந்த பிறகு. வராத சிலையை முன்னாடியே கொண்டுவந்து நிறுத்தி, அதைத் தூக்கிவந்த கட்டடத்தையும் இடித்துக் காட்டிவிட்டார் மனுஷன்.