பில் இருக்கிறது, தாய்மரம் எங்கே?

கடைக்குப் போய்ச் செடி வாங்குவது ஜேடர்பாளையம் பக்கம் அண்மையில் வந்த பழக்கம்தான். காவிரிப் படுகை அணையில் பிரிகிற ராஜா வாய்க்கால் போகிற வழியெல்லாம் வாழை, வெற்றிலை, கரும்பு. வாழைக்கன்று பக்கத்துத் தோட்டத்தில் கிடைத்தது. வெற்றிலைக்கு விதைக்கொடியை முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்கினார்கள். முருங்கைக்கு ஒரு போத்து போதும். கறிவேப்பிலைக்கு மரத்தடியில் தானாக முளைத்த கன்று. சில நேரம் பணமும் கைமாறியது உண்டு. ஆனால் கொடுத்தவர் தோட்டம் எது, போன வருடம் அதில் என்ன விளைந்தது என்பதெல்லாம் வாங்கியவருக்குத் தெரியும்.

இன்றைக்கு நாமக்கல்லிலோ ஈரோட்டிலோ சேலத்திலோ மாடி வீடு கட்டிய குடும்பம் ஞாயிற்றுக்கிழமை பெருங்கடைக்குப் போகிறது. சோப்பு, பிளாஸ்டிக் நாற்காலி, பெட்ஷீட் எல்லாம் தாண்டி ஒரு மூலையில் மணி பிளான்ட், குரோ பேக், பளபளக்கும் உறையில் உரம். கைபேசியில் ஆர்டர் போட்டால் ரோஜாச் செடியே அட்டைப்பெட்டிக்குள் படுத்தபடி வீட்டுக்கு வந்துவிடுகிறது. இந்த வியாபாரம் பெரிதாக வளர்ந்தது அமெரிக்காவில். 1978இல் தொடங்கிய ஹோம் டிப்போ, அதன் போட்டியாளர் லோவ்ஸ், ஆஸ்திரேலியாவில் பன்னிங்ஸ் எல்லாம் ஆணியும் பெயின்டும் மரப்பலகையும் விற்கிற கூரைக்குப் பக்கத்திலேயே செடியையும் விற்பவை. இந்தியாவில் ஐக்கியா தன் முதல் கடையை 2018இல் ஐதராபாத்தில் திறந்தது. அந்த அளவில் ஒரு கடை ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் இல்லை. ஆனால் அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

உள்ளூர் நாற்றுப்பண்ணை நல்லது, கம்பெனிக் கடை மோசம் என்று எழுதிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். விஷயம் அப்படி ஒருபக்கமாக இல்லை.

பெருங்கடையில் விலை எழுதி ஒட்டியிருக்கிறது. பேரம் பேசத் தெரியாதவரும் தெரிந்தவரும் ஒரே காசு கொடுக்கிறார்கள். தனியாகப் போகிற ஒரு பெண் அரை மணி நேரம் நின்று, ஒவ்வொரு தொட்டியாக எடுத்துப் பார்த்து, எதுவும் வாங்காமல் திரும்பலாம், "என்னங்க வேணும்?" என்று யாரும் துளைக்க மாட்டார்கள். இது சின்ன வசதி இல்லை. கவாத்துக் கத்தரி, ரப்பர் குழாய், பூவாளி, சொட்டுநீர்க் குழாய்த் தொகுப்பு போன்ற சாமான்களில் பெருங்கடையை மிஞ்சுவது கடினம். சந்தையில் வாங்குகிற கத்தரி நாலு கிளை வெட்டியதும் வாய் பிளக்கிறது. எங்கே மாற்றுவது, யாரைக் கேட்பது? பெருங்கடையில் பில்லைக் காட்டினால் பேச்சில்லாமல் மாற்றித் தருகிறார்கள்.

உரத்திலும் அவர்கள் பக்கம் ஒரு நியாயம் உண்டு. நம் உரக்கடைகள் விவசாயிக்காக இருப்பவை. யூரியா 45 கிலோ மூட்டை, மானிய விலை 266 ரூபாய் 50 காசு. வாங்க ஆதார் காட்டி இயந்திரத்தில் விரல் வைக்க வேண்டும். பத்துத் தொட்டி வைத்திருப்பவருக்கு மூட்டை எதற்கு? அவருக்கு வேண்டியது ஒரு கிலோ. கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் பெருங்கடை உரம் பல மடங்கு விலை. ஆனாலும் அதைச் சின்ன அளவில் விற்க ஓர் ஆள் வேண்டுமே.

தேங்காய் நார்க்கழிவுக் கதைதான் வேடிக்கை. கயிறு ஆலைகளில் மலைபோல் குவிந்து கிடக்கிற இந்தத் தூளை அமுக்கி, கட்டியாக்கி, உலகம் முழுதும் அனுப்புகிறோம். அதே சரக்கு 650 கிராம் கட்டியாக, வண்ண உறை போட்டு, பெருங்கடை வழியாக நமக்கே திரும்பி வருகிறது. சிரிக்கலாம்; ஆனால் ஆலையிலிருந்து சாக்கில் அள்ளிவந்து அப்படியே தொட்டியில் போடுவதும் தப்பு. பச்சைக் கழிவில் உப்பு இருக்கும். அதில் கார்பனும் நைட்ரஜனும் 112:1 என்ற விகிதத்தில் இருப்பதாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கணக்கிடுகிறது. அதாவது அது மக்குவதற்கே செடியின் நைட்ரஜனைத் தின்னும், இலை மஞ்சளாகும். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் அடுக்கடுக்காகப் போட்டு மக்கவைத்தால் விகிதம் 24:1க்கு இறங்கும் என்பது அதே பல்கலைக்கழகத்தின் முறை. கடைக் கட்டியில் உப்பைக் கழுவியிருக்கலாம். மக்கவைத்தார்களா என்பதை உறையைப் பார்த்துச் சொல்ல முடிவதில்லை. 'ஆர்கானிக்' என்று மட்டும் பெரிதாக இருக்கும். கோழி எருவும் இப்படித்தான். முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லில் இருந்துகொண்டு கோழி எருவைப் பாக்கெட்டில் வாங்குவதா என்று கேட்கத் தோன்றும். பண்ணையிலிருந்து வந்த பச்சை எருவை ரோஜாவுக்குப் போட்டு வேரைப் பொசுக்கியவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

ஆகவே, உயிரில்லாத சாமான்கள் மட்டில் பெருங்கடைமேல் எனக்குப் பெரிய புகார் கிடையாது. செடி வேறு.

பெருங்கடையிலிருந்து வந்த ஒரு செம்பருத்தியைத் தொட்டியைவிட்டு உருவிப் பாருங்கள். அடியில் வேர் போக இடமில்லாமல் தொட்டி வட்டத்திலேயே சுற்றிச் சுற்றிப் பிரிமணை போல முறுக்கிக் கிடக்கும். மண் என்று ஒன்று இருக்காது, நார்க்கழிவுக் கலவைதான். எடை குறைவு, லாரிக்கு அதுதான் வசதி. ஓசூரிலோ புனேயிலோ பசுமைக்குடிலில், நிழல்வலைக்கு அடியில், தினமும் நீரோடு உரம் குடித்து வளர்ந்த செடி அது. ஓசூர் மேட்டுநிலம், இதமான காற்று. அங்கிருந்து இறங்கி, சித்திரையில் 40 டிகிரி அடிக்கிற நம் மொட்டைமாடிக்கு வருகிறது. இரண்டு நாள் தண்ணீர் காட்டாவிட்டால் கலவை காய்ந்து சுருங்கித் தொட்டியின் ஓரத்தை விட்டு விலகுகிறது. அதற்குமேல் ஊற்றுகிற தண்ணீர் அந்த இடுக்கு வழியாகவே இறங்கி அடித்துளையில் வந்துவிடும். நடு வேர்க்கட்டி காய்ந்தபடியே இருக்கும். கீழே தண்ணீர் வழிவதைப் பார்த்து வீட்டுக்காரர் திருப்தியோடு போய்விடுகிறார். செடி தாகத்தில் சாகிறது. தொட்டியை வாளித் தண்ணீரில் குமிழி அடங்கும்வரை அமுக்கிவைக்க வேண்டும், சுற்றிய வேரை நாலு பக்கமும் லேசாகக் கீறிவிட வேண்டும், ஒரு வாரம் பத்து நாள் நிழலில் வைத்துப் பிறகு வெயிலுக்குப் பழக்க வேண்டும். இதைச் சொல்ல அந்த மூலையில் ஆள் கிடையாது. இருக்கிற பையன் நேற்று பாத்திரப் பிரிவில் நின்றவன். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை.

அமெரிக்கப் பெருங்கடைகளில் செடி இப்படிக் கவனிப்பாரற்று நிற்பதற்குக் கணக்கு வழக்கிலேயே ஒரு காரணம் உண்டு. அடுக்கில் நிற்கிற செடி பல இடங்களில் கடைக்குச் சொந்தமில்லை. பில் போடும் இடத்தில் பார்கோடு படிக்கப்படுகிற நொடிவரை அது வளர்த்தவரின் சரக்கு. வாடினாலும் செத்தாலும் நட்டம் அவருக்கு. அப்படியிருக்க, தண்ணீர் ஊற்றக் கடைக்காரருக்கு என்ன அவசரம்? இந்த ஏற்பாடு வாடிக்கையாளரின் பார்வையில் படாது. அவருக்குத் தெரிவது ஓராண்டு உத்தரவாதம் மட்டும்தான். ஹோம் டிப்போவில் மரமோ புதரோ ஓராண்டுக்குள் செத்தால் பில்லோடு போனால் பணம் வாபஸ். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த உத்தரவாதத்துக்குத் தெரிந்த ஒரே குறை சாவுதான். ஒட்டுமா காய்க்க மூன்று நாலு வருடம் ஆகும். இமாம்பசந்த் என்று வாங்கி வைத்தது வேறு எதுவாகவோ காய்த்தால், அதற்குள் பில்லின் மை அழிந்திருக்கும், கடையில் ஆள் மாறியிருப்பார்கள், செடி அனுப்பிய பண்ணையின் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது. செடியின் பொய், வாங்கின அன்றைக்கு வெளியே தெரியாத பொய்.

கண்ணுக்கு அழகாக இருப்பதைத்தான் அடுக்கில் வைக்க முடியும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. வாழைக்கன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அகலமான இலை விரித்து, பச்சைப் பசேலென்று நிற்பது நீர்க்கன்று. நட்டால் தார் சிறுக்கும். ஈட்டி மாதிரிக் குறுகிய இலையோடு, அடி பருத்து, ஒன்றுக்கும் உதவாததுபோல் நிற்கிற ஈட்டிக்கன்றைத்தான் பரமத்தி வேலூர்ப் பக்கத்து விவசாயி பேர்ப்பார். இரண்டையும் ஒரு கடையில் அருகருகே வைத்தால் எது விற்கும் என்று சொல்லத் தேவையில்லை. பூவோடு விற்கிற ரோஜாவும், காயோடு விற்கிற குட்டை எலுமிச்சையும் அந்த வகைதான்.

இதைவிடப் பெரிய ஆபத்து, ஒரே இடத்துச் செடி ஒரே வாரத்தில் நூறு ஊருக்குப் போவது. 2009 கோடையில் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் தக்காளியைப் பின் இலைக்கருகல் நோய் வழக்கத்தைவிட வெகு முன்னதாகவே தாக்கியது. பெருங்கடைகள் வழியாக விற்ற தக்காளி நாற்றுகளில் அந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. வீட்டுக் கொல்லைகளில் நட்ட நாற்றிலிருந்து காற்றில் ஏறி, அடுத்திருந்த விவசாயியின் வயல்களையும் பிடித்தது. 2019இல் ஓக் மரங்களைக் கொல்கிற பூஞ்சை போன்ற நோய்க்கிருமி ஒன்று ரோடோடெண்ட்ரான் செடிகளோடு பெருங்கடைகள் வழியாகப் பல மாநிலங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. விற்ற செடிகளைத் தேடி அழிக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

இதைப் படித்துவிட்டு உள்ளூர்க்காரர் நெஞ்சு நிமிர்த்த வேண்டாம். மரவள்ளி மாவுப்பூச்சி நமக்கு வந்ததற்கு எந்தப் பெருங்கடையும் காரணமில்லை. 2020இல் கேரளத்தின் திருச்சூரில் தென்பட்ட அந்தப் பூச்சி, கொஞ்ச நாளில் சேலம், நாமக்கல், தருமபுரி மரவள்ளிக் காடுகளை மொட்டையடித்தது. அது ஊர்விட்டு ஊர் போக நல்ல வாகனம் நடவுக்கு லாரியில் ஏற்றிப்போகிற குச்சிதான். கடைசியில் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து பெருக்கி, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விடத் தொடங்கினார்கள். கொய்யாவின் வேர்முடிச்சு நூற்புழுவும் நாற்றுப்பையின் மண்ணில் ஒளிந்தே பயணம் போகிறது. ஆந்திரத்தின் கடியத்திலிருந்து வேனில் வந்து தெருவில் செடி விற்பவரும் ஒரு வகையில் சக்கரம் கட்டிய பெருங்கடைதான், பில்கூடக் கிடையாது.

உள்ளூர் நாற்றுப்பண்ணைகளிலும் புளுகு உண்டு. ரெட் லேடி பப்பாளி என்று விற்பதில் எத்தனை அசல் வீரிய விதையில் முளைத்தவை, எத்தனை பழத்திலிருந்து எடுத்த விதையில் முளைத்தவை என்பது விற்பவருக்கே வெளிச்சம். நாற்றுப்பண்ணைக்கு விதைக் கட்டுப்பாட்டு ஆணை 1983இன்கீழ் உரிமம் வேண்டும், விற்றதற்கு ரசீது தர வேண்டும் என்று விதை ஆய்வுத் துறை அடிக்கடி அறிக்கை விடுகிறது. ரசீது கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

பரமத்தி வேலூர் சாலையோரம் ஒருவரிடம் கொய்யா கேட்டேன். "ஏனுங்ணா, இது ஒட்டா, பதியனா?"

"பதியனுங்க. மரம் பின்னால நம்ம தோட்டத்துலதான் நிக்குது, போய்ப் பாத்துட்டு வாங்க. காய்க்கலீன்னா என்னைய உடுவீங்களா? இதே ரோட்டுலதானுங்க நீங்களும் போகோணும், நானும் இருக்கோணும்."

போய்ப் பார்த்தேன். மரம் இருந்தது, காயும் இருந்தது. பையில் இருக்கிற மண் எங்கே எடுத்தது என்று கேட்டதற்கு மட்டும் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிக்கொண்டார்.

அவரிடம் இருப்பது தாய்மரமும் பெயர் கெட்டுவிடுமே என்ற பயமும். சோதனை இல்லை. பெருங்கடையில் பில்லும் பார்கோடும் இருக்கின்றன, தாய்மரம் இல்லை. மாங்கன்றுக்காகக் கிருஷ்ணகிரிப் பக்கம் சந்தூருக்கே நேரில் போய் வருகிறவர்கள் இந்தக் குறையை அறிந்துதான் டீசல் செலவழிக்கிறார்கள். அதற்காக, பெரிய அளவில் உற்பத்தி செய்வதே கெடுதல் என்றும் சொல்ல முடியாது. திசு வளர்ப்பு வாழை தொழிற்சாலைச் சரக்குதான். ஒரே அறையில் லட்சக்கணக்கில் முளைக்கிறது. முடிக்கொத்து நோயில் விருப்பாச்சி வாழையை இழந்த மலைக்காரருக்கு, வைரஸ் சோதனை முடித்து வருகிற திசு வளர்ப்புக் கன்று அண்டைத் தோட்டத்துக் கன்றைவிட மேல். 2006இல் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை கொண்டுவந்த சான்றளிப்பு முறையில் தாய்ச்செடியும் சோதிக்கப்படுகிறது, தொகுதிக்கும் சான்று தரப்படுகிறது. பல நூறு மைல் தாண்டி வந்தாலும் அந்தக் கன்று எங்கே பிறந்தது என்று பின்னால் தேடிப் போக முடியும். சோப்புக்கட்டிக்கு உற்பத்தித் தேதியும் தொகுதி எண்ணும் போடத் தெரிந்த பெருங்கடைக்கு, எந்தப் பண்ணை, எந்த மரம், என்றைக்குக் கட்டின ஒட்டு என்று மூன்று வரி அச்சடிப்பது ஆகாத காரியமா? வாங்குகிறவர்கள் கேட்காததால் அவர்களும் போடவில்லை.

தாய்மரமும் பில்லும் சேர்ந்து கிடைக்கிற இடம் ஒன்று உண்டு. அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளும் ஏற்காடு போன்ற ஆராய்ச்சி நிலையங்களும் தங்கள் தாய்மரத்திலிருந்து கன்று எடுத்து, பலகையில் எழுதிய விலைக்கு, ரசீதோடு தருகின்றன. விலையும் குறைவு. என்ன, அன்றைக்கு என்ன தயாராக இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். தொட்டியில் பூ விரித்துக் கண்ணைப் பறிக்காது. விற்பனை பெரும்பாலும் அலுவலக நேரத்தில். வேலைக்குப் போகிற குடும்பத்துக்குச் செடி வாங்க நேரம் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை.