ஹெல்விசின் நூலை முழுமையாய் வாசித்தல்

பாப்டிஸ்ட் சபைகளின் பாரம்பரியத்தைக் குறித்து எழுதுவோர், தாமஸ் ஹெல்விஸ் 1612-இல் வெளியிட்ட ‘அக்கிரமத்தின் இரகசியத்தைக் குறித்த சுருக்கமான அறிக்கை’ என்னும் நூலைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. ஆனால் அவர்கள் எடுத்தாள்வது பெரும்பாலும் ஒரே பகுதியைத்தான். வேதப்புரட்டராயினும், துருக்கராயினும், யூதராயினும், மனச்சாட்சியின் காரியத்தில் அரசன் எவரையும் தண்டிக்கலாகாது என்பதே அப்பகுதி. நமது வகுப்பறைகளிலும் இப்படியே. இதனால் ஹெல்விஸ் எல்லாச் சமயங்களையும் சமமாய்க் கருதிய தாராளவாதியாகத் தோன்றுகிறார்.

நூல் காட்டும் மனிதரோ வேறு. வெளிப்படுத்தின விசேஷத்தின் முதல் மிருகத்தை அவர் ரோமச் சபையிலும், இரண்டாம் மிருகத்தை இங்கிலாந்துச் சபையின் அத்தியட்சர் ஆட்சியிலும் காண்கிறார். தூய்மைவாதிகளையும் பிரிவினைச் சபையாரையும் அவர் விட்டுவைக்கவில்லை. உபத்திரவத்துக்கு அஞ்சி நாட்டைவிட்டு ஓடினோரை அவர் கண்டிக்கும் கடுமை நியாயமானதாகத் தோன்றவில்லை. அவர்தாமும் ஆம்ஸ்டர்டாமில் அடைக்கலம் புகுந்திருந்தவரே அல்லவா?

ஆயினும் அவரது விடுதலைக் கோரிக்கையின் வலிமையை அறிய இக்கடுஞ்சொற்கள் தேவை. முற்றிலும் வழிதவறியவர்கள் என்று தாம் நம்பியவர்களுக்காகவும் அவர் விடுதலை கேட்கிறார். சத்தியத்தைப் பற்றிய ஐயத்திலிருந்து பிறந்த சகிப்புத்தன்மை அன்று அது. ஆத்துமாவின்மேல் கிறிஸ்து ஒருவரே அரசர் என்னும் விசுவாசத்திலிருந்து பிறந்தது. இந்த அடிப்படையை விட்டுவிட்டு விடுதலையை மட்டும் போதித்தால், மாணவர் ஹெல்விசை அறிந்தவராகார்.

ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்திலுள்ள பிரதியில், அரசர் முதலாம் ஜேம்ஸ் சாகக்கூடிய மனிதரே, தேவன் அல்லர் என்னும் கருத்தமைந்த கையெழுத்துக் குறிப்பு இருக்கிறது. ஹெல்விஸ் நியூகேட் சிறையில் அடைக்கப்பட்டார்; 1616-க்குள் இறந்துவிட்டார்.