பாலையா கேட்ட கதை

ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' 1964-இல் வந்தது. அதில் ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் முதலாளி செல்லப்பா, தன் அப்பா விஸ்வநாதனுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியைப் பார்க்காத தமிழர் அபூர்வம். நாகேஷ் சொல்கிறார், டி.எஸ்.பாலையா கேட்கிறார். அறுபது ஆண்டுகளாக அதை 'நாகேஷ் கதை சொல்லும் சீன்' என்றே குறிப்பிட்டு வருகிறோம். பாலையாவையும் பாராட்டாமல் இல்லை. ஆனால் அது எப்போதும் இரண்டாவது வாக்கியத்தில்தான் வருகிறது. அந்த வரிசை சரியா என்று எடைபோட்டுப் பார்க்க வேண்டும். நடிப்பை அளக்க நாம் வைத்திருக்கும் படிக்கல்லே சரிதானா என்பது இந்த ஒரு காட்சியில் தெரிந்துவிடும்.

முதலில் நாகேஷின் பங்கு. அவருக்கு அங்கே கையில் எதுவும் இல்லை. இருட்டு, காற்று, கதவு, காலடி, பின்னணி இசை எல்லாவற்றையும் வாயாலும் உடம்பாலுமே உண்டாக்க வேண்டும். உண்டாக்குகிறார். குரல் கிசுகிசுப்பாக இறங்கி, சட்டென்று வெடித்து, மறுபடி இறங்குகிறது. அந்த ஒல்லி உடம்பு நாற்காலியைச் சுற்றி வளைகிறது. உண்மையில் அவர் சொல்வதில் கதையே இல்லை. சத்தங்களும் இடைவெளிகளும் மட்டும்தான். சித்ராலயா கோபுவும் ஸ்ரீதரும் எழுதியதில் அதுதான் சூட்சுமம்: படமெடுக்கத் துடிக்கும் பையனிடம் கதை கிடையாது. இல்லாத கதையை இத்தனை நேரம் தாங்கிப் பிடிக்க நாகேஷைப் போன்ற தாளக்கட்டு உள்ள ஒருவரால்தான் முடியும். இதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

இப்போது பாலையாவைப் பாருங்கள். படமெடுக்கப் பணம் தராத அப்பா. பணக்காரர், பருத்த உடம்பு, அதட்டிப் பழகிய குரல். மகன் மேல் துளியும் நம்பிக்கை இல்லை. கேட்க உட்காரும்போது அவர் முகத்தில் இருப்பது, 'சொல்லித் தொலை' என்கிற அலட்சியம். பயம் உடனே வருவதில்லை. முதலில் கண் மட்டும் கவனிக்க ஆரம்பிக்கிறது. உடம்பு இன்னும் முதலாளியாகவே இருக்கிறது. பிறகு மூச்சு மாறுகிறது. அதற்குப் பிறகுதான் தோள் சுருங்குகிறது, பின்னால் சாய இடம் தேடுகிறது. கடைசியில் அந்தப் பெரிய உடம்புக்குள் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருக்கிறான். இந்த இறக்கத்தில் ஒரு படியைக்கூட அவர் தாண்டிக் குதிக்கவில்லை. நமக்குச் சிரிப்பு வருவது நாகேஷின் ஓசைகளால் மட்டும் அல்ல. அந்த ஓசைகள் இந்த மனிதரையே இப்படி ஆக்கிவிட்டனவே என்பதுதான் சிரிப்பு. பாலையா பயப்படாவிட்டால் நாகேஷ் வெறுமனே சத்தம் போடுகிறவர்.

இதற்குக் கனமான ஒரு மறுப்பு உண்டு. கேட்பவருக்குக் கிடைக்கும் பெருமை எடிட்டருக்கு உரியது அல்லவா? ரஷ்யாவின் குலெஷோவ் நடத்திய சோதனை பிரசித்தம். உணர்ச்சி காட்டாத ஒரு நடிகரின் ஒரே முகத்தைச் சூப்புத் தட்டோடும் சவப்பெட்டியோடும் மாற்றி மாற்றி ஒட்டியபோது, பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் கண்டதாகச் சொல்வார்கள். அப்படியானால் பாலையாவின் பயமும் வெட்டி ஒட்டியதில் வந்ததாக இருக்கலாமே? பல படங்களில் இது நியாயமான சந்தேகம். இங்கே செல்லாது. இருவரும் ஒரே சட்டகத்தில், முகத்தோடு முகம் நெருங்கி இருக்கும் ஷாட்டுகள் இந்தக் காட்சியில் உண்டு. அங்கே கத்தரிக்கு வேலை இல்லை. மேலும், குலெஷோவின் நடிகர் முகத்தை மாற்றவே இல்லை. பாலையா படிப்படியாக மாற்றிக்கொண்டே போகிறார்.

அவர் நடிப்பு மிகையானது, நாடக மேடையின் மிச்சம் என்று இன்னொரு குற்றச்சாட்டு சொல்லலாம். மேடையிலிருந்து வந்தவர்தான். எல்லிஸ் ஆர்.டங்கனின் 'சதிலீலாவதி'யில் 1936-இல் வில்லனாகத் திரைக்கு வந்தவர். ஆனால் நம் மேடை கற்றுக்கொடுத்தது பேசத்தான். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடவும் பேசவும் பழக்கினார்கள். ஒருவர் வசனம் பேசும்போது மற்றவர் என்ன செய்வது என்பதற்குப் பெரும்பாலும் ஒரே விடைதான்: சும்மா நிற்பது. அந்தப் பழக்கம் அப்படியே சினிமாவுக்கு வந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்திலிருந்து 1954-இல் எடுத்த 'மனோகரா'வில் சங்கிலியால் பிணைக்கப்பட்ட சிவாஜி தர்பாரில் முழங்கும்போது, சுற்றி நிற்கும் சபை கிட்டத்தட்ட அரங்கப் பொருள்தான். வசனம் ஆண்ட காலத்தின் வேண்டுதல் அது; சிவாஜி மேல் குற்றம் இல்லை. ஆனால் அதே மேடையில் வளர்ந்த பாலையா, மேடை கற்றுத்தராத ஒன்றைத் திரையில் தாமே தேடிக்கொண்டார். முகபாவம் பெரிதாக இருப்பது குறையாகாது. காரணம் இல்லாமல் பெரிதாவதுதான் குறை. பாலையாவின் ஒவ்வொரு திடுக்கிடலுக்கும் காரணம் எதிரே நிற்கிறது.

ஸ்ரீதரே இதே கதையை இந்தியில் 'பியார் கியே ஜா' என்று எடுத்து 1966-இல் வெளியிட்டார். சொல்பவர் மெஹ்மூத், கேட்பவர் ஓம் பிரகாஷ். அங்கும் காட்சி எடுபட்டது. எழுத்துக்கு ஒரு பங்கைத் தந்தே ஆக வேண்டும் என்று இதிலிருந்து ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃபிலிம்பேர் நகைச்சுவை விருது மெஹ்மூதுக்குப் போனது. அங்கேயும் பேசியவருக்குத்தான் பரிசு. ஓம் பிரகாஷ் அருமையான நடிகர். இருந்தாலும் அவரைப் பார்த்த உடனே இவர் பயந்துவிடுவார் என்று தெரிந்துவிடுகிறது. பாலையா பயப்படுவார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. எனக்கு அந்த உயர வித்தியாசம் பெரிது.

ஐம்பதுகளில் 'மதுரை வீரன்' போன்ற படங்களில் வில்லனாக மிரட்டியவர் அவர். அந்த மிரட்டலின் ஞாபகம் ரசிகனுக்கு இருந்ததால்தான் இந்த வீழ்ச்சிக்குக் கூடுதல் எடை. 'காதலிக்க நேரமில்லை'க்கு அடுத்த ஆண்டே 'திருவிளையாட'லில் இதையே வேறு சுருதியில் செய்தார். ஹேமநாத பாகவதராக வந்து பாண்டியன் சபையில் பாலமுரளிகிருஷ்ணாவின் குரலுக்கு வாயசைத்துத் தலைக்கனத்தோடு உட்கார்ந்திருக்கும் காட்சியை எல்லோரும் கொண்டாடுகிறோம். அதைவிட எனக்குப் பெரிதாகப்படுவது, இரவில் விறகு விற்பவன் பாடுவதைக் கேட்கும் பாலையா. போட்டியில் தனக்கு எதிரே பாட இருக்கும் பாணபத்திரர் வேண்டாம் என்று தள்ளிவிட்ட ஆள் இவன் என்று தெரியவரும்போது, நாளை சபையில் என்ன ஆகும் என்கிற கணக்கு முழுவதும் அந்த முகத்தில் ஓடுகிறது. விறகு விற்பவனாக வந்திருக்கும் சிவபெருமானாக நடிப்பது சிவாஜி. ஆனால் அந்தப் பாட்டு தெய்வீகமானது என்று நம்மை நம்பவைப்பது கேட்கிறவரின் திகைப்பு. 'தில்லானா மோகனாம்பா'ளில் தவில்காரர் முத்துராக்காக வருவதும் பொருத்தமே. நல்ல பக்கவாத்தியக்காரர் முதலில் கேட்பார், பிறகுதான் வாசிப்பார்.

நாகேஷுக்கு அநியாயம் செய்துவிடக் கூடாது. 1994-இல் 'மகளிர் மட்டும்' படத்தில் பிணமாக வந்தாரே, அதில் பேச்சில்லை, பார்வையில்லை, எதிர்வினையே இல்லை. சுற்றியிருப்பவர்கள் செய்வதையெல்லாம் வாங்கிக்கொள்ளும் வெறும் உடம்பு. பேச்சும் வேகமுமே தன் முதல் என்று பெயரெடுத்தவர், இரண்டையும் விட்டுக்கொடுத்து ஒரு படத்தைத் தூக்கி நிறுத்தினார். அதே ஆண்டு வந்த 'நம்மவ'ரில் மகளை இழந்த தகப்பனாக நடித்ததற்கு சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருதும் பெற்றார். ஆகவே நாகேஷால் முடியாததைப் பாலையா செய்தார் என்பது என் வாதம் அல்ல. இந்த ஒரு காட்சியில் எந்தப் பங்கு கடினம் என்பதே கேள்வி.

அதற்கு மிமிக்ரி மேடைகளிலேயே ஒரு சான்று கிடைக்கிறது. நாகேஷின் பகுதியை எத்தனையோ கலைஞர்கள் செய்து கைதட்டல் வாங்கியிருக்கிறார்கள். எதிரே யாரும் இல்லாமலேகூட அது ஓரளவு எடுபடுகிறது. பாலையாவின் பகுதியைத் தனியே செய்து காட்டியவரை நான் பார்த்ததில்லை. கேட்பதைப் பிரதியெடுக்க முடியாது. எதிரே இருப்பவரிடமிருந்து ஒவ்வொரு கணமும் எதையாவது வாங்கினால்தான் அது நடக்கும்.

அந்தக் காட்சியில் முதல் இடம் பாலையாவுக்கு என்பது என் முடிவு. நாகேஷுக்கும் அவருக்கும் இடையே தூரம் அதிகமில்லை. ஆனால் வரிசை இதுதான். விமர்சனம் எழுதுபவர்கள் 'தன் பாத்திரத்தை உணர்ந்து செய்திருக்கிறார்' என்ற ஒற்றை வரியோடு துணை நடிகர்களைக் கடந்துபோவதை இனியாவது நிறுத்த வேண்டும். படம் அடுத்த முறை தொலைக்காட்சியில் வரும்போது, அந்தக் காட்சி முழுக்க நாகேஷ் பக்கம் திரும்பாமல் பாலையாவை மட்டும் பாருங்கள். பிறகு என்னோடு வழக்காடுங்கள்.